வார்னிஷ் அடித்தால் புழுதி எங்கே போகிறது?

கேள்வி: அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர், 11 ஜூன் 2023

மீட்டர் கேஜ் ரயிலின் மூடு வேகன் ஒன்றை 1:87 அளவில் சிறிய மாதிரியாகச் செய்திருக்கிறேன். தூத்துக்குடி உப்பு ஏற்றிப்போன வேகன் என்று கற்பனை. செங்காவி நிறம் அடித்து, பாஸ்டல் என்கிற வண்ணப்பொடிக் குச்சியை உப்புத்தாளில் தேய்த்தெடுத்த பொடியை அதன்மேல் தூரிகையால் பூசினேன். வெள்ளையும் வெளிர்சாம்பலும் கலந்த புழுதி, அசலாகவே இருந்தது. நிலைத்து நிற்கட்டும் என்று மேட், அதாவது மினுக்காத வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். பத்து நிமிடத்தில் முக்கால்வாசிப் புழுதியைக் காணவில்லை. அடிக்காமல் விட்டால் எடுக்கும்போதெல்லாம் விரலோடு வருகிறது. எதைக் கொண்டுதான் ஒட்டவைப்பது?

11 ஜூன், இரவு

ஸ்பிரேயின் காற்று ஊதித் தள்ளியிருக்கும், வேறொன்றுமில்லை. ஒரு முழம் தள்ளி நின்று, தூறல் விழுவதுபோல் மூன்று நான்கு தடவையாக அடியுங்கள். முதல் தடவை வண்டி நனையவே கூடாது. போவதற்கு ஈடாக முதலிலேயே இரண்டு மடங்கு பூசிக்கொள்ளுங்கள். பதினைந்து வருடமாக நான் இப்படித்தான் செய்கிறேன்.

13 ஜூன்

மேலே எழுதியதில் பாதி தவறு. பதினைந்து வருடமாகத் தவறு என்பது கூடுதல் வருத்தம்.

எழுதிவிட்டேனே தவிர, மனம் கேட்கவில்லை. நேற்று ஒரு பழைய வேகனில் வெள்ளைப் பொடி பூசி, பின்னால் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தி ஸ்பிரே அடித்தேன். காற்று தள்ளியிருந்தால் பொடி அட்டையில் விழுந்திருக்க வேண்டும். அட்டையில் நாலு புள்ளி இருந்தது. வேகனிலோ புழுதி இல்லை. அப்படியானால் எங்கே போயிற்று?

விடை இன்று காலை வாசலில் கிடைத்தது. மனைவி கோலம் போட்டுக் காவி இட்டு முடித்த நேரம், தென்காசிச் சாரல் வழிதவறி வந்ததுபோல் பாளையங்கோட்டையில் நாலு தூறல் விழுந்தது. தூறல் பட்ட இடத்தில் வெள்ளைக் கோடு மங்கித் தரையோடு தரையாகிவிட்டது. காவி மட்டும் முன்னைவிட அழுத்தமாகத் தெரிந்தது. அரைமணி வெயில் அடித்ததும் வெள்ளை திரும்பி வந்தது. மாவு எங்கும் போகவில்லை. ஈரம் இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

திருநீற்றைத் தண்ணீரில் குழைத்துப் பூசுகிறவர்களுக்கு இது தெரியும். பூசிய உடனே நெற்றி வெறுமையாக இருக்கும். காய்ந்ததும் பளிச்சென்று வெளுக்கும். எண்ணெய் தேய்த்த நெற்றியில் பூசினால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வெளுக்காது. எண்ணெய் காய்வதில்லை.

வார்னிஷும் காயாத எண்ணெய் மாதிரிதான். கெட்டியாகிறது, ஆனால் பொடியின் இடுக்குகளைவிட்டு வெளியேறுவதில்லை.

14 ஜூன்

நேற்றையதைக் கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன். என் பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடை. ஒரு பொருளுக்குள் நுழையும்போது ஒளி எவ்வளவு வளைகிறது என்று சொல்கிற ஒளிவிலகல் எண் எங்களுக்கு அரிசி விலை மாதிரி, வருகிறவர்களிடம் 1.50 வேண்டுமா, 1.56 வேண்டுமா, 1.67 வேண்டுமா என்று நாள் முழுக்கக் கேட்கிறோம். அதைச் சாயங்காலம் வேகனுக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

மலிவான வெள்ளைப் பாஸ்டலில் பெரும்பகுதி சாக்குப்பொடி, அதாவது கால்சியம் கார்பனேட். அதன் எண் ஏறக்குறைய 1.6. காற்றின் எண் 1. பொடிக்கு நடுவில் காற்று இருக்கும்வரை ஒளி துகளுக்குத் துகள் முட்டிச் சிதறுகிறது, நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. காற்று இருந்த இடத்தில் அக்ரிலிக் வார்னிஷ் புகுந்தால், அதன் எண் 1.49. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஒளி நேரே உள்ளே போய் அடியிலிருக்கும் செங்காவியைத் தொட்டுத் திரும்புகிறது. கோலமாவு, ஜிப்சம், களிமண் எல்லாம் இதே கூட்டம்.

டைட்டேனியம் டை ஆக்சைடு 2.7. காவியும் துருவும் இரும்பு ஆக்சைடுகள். செங்காவிக்கு எண் 3 அளவில் வரும். வார்னிஷில் முக்கினாலும் இவை மறையாது. கரித்தூள் ஒளியை விழுங்குகிற சாதி, அதற்கு இந்தக் கவலையே இல்லை. அதனால்தான் துருவும் புகையும் பூசியவர்கள் “எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்கிறார்கள். புழுதி பூசியவர்கள் மட்டும் புலம்புகிறார்கள்.

குச்சி வாங்கும்போதே சோதிக்க ஒரு வழி: கறுப்பு அட்டையில் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் ஒரு சொட்டு டர்பன்டைன் விடுங்கள். டர்பன்டைனின் எண் 1.47, வார்னிஷுக்குப் பக்கத்து வீடு. ஈரமாக இருக்கும்போது எவ்வளவு தெரிகிறதோ, வார்னிஷுக்குப் பிறகு அவ்வளவுதான் மிஞ்சும். என்னிடமிருந்த பதினொரு வெளிர்நிறக் குச்சிகளில் இரண்டுதான் தேறின.

14 ஜூன், பின்னிரவு

ஆயில் பாஸ்டல் வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். அது மெழுகு, பொடியாகாது. வாசகர் உப்புத்தாளில் தேய்த்ததாகச் சொல்வதால் சரியான குச்சிதான் வைத்திருக்கிறார்.

18 ஜூன்

“வார்னிஷே வேண்டாம், டர்பன்டைன் விட்டாலே பொடி நிற்கிறதே?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நிற்கிறது. ஒட்டவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

தூரிகை நுனியால் ஒரு சொட்டுத் தொட்டால், டர்பன்டைன் நுண்புழைக் கவர்ச்சியால் ரிவெட் வரிசையிலும் கதவு இடுக்கிலும் ஓடும். போகிற வழியில் பொடியையும் இழுத்துப்போய் மூலையில் சேர்க்கும். காய்ந்ததும் பொடி நெருங்கி உட்கார்ந்திருக்கும். மழைநீர் வடிந்த தடம் வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் நடுவே பசை என்று எதுவும் இல்லை. சக்கரத்துக்கும் சேஸிஸுக்கும் போதும், விரல் படாத இடம். கூரைக்கும் பக்கவாட்டுக்கும் போதாது. கடையில் ‘ஃபிக்ஸர்’ என்று விற்கிற குப்பியில் பெரும்பாலும் இதேபோன்ற கரைப்பானில் கொஞ்சம் பிசின் சேர்ந்திருக்கும். அந்தக் கொஞ்சம்தான் ஒட்டுகிறது. அந்தக் கொஞ்சம்தான் கறுக்கவும் செய்கிறது.

எது கூடாது என்பதை என் செலவில் தெரிந்துகொள்ளுங்கள். மண்ணெண்ணெய் முழுசாகக் காயாது, பிசுக்கு நிற்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கண்ணாடி துடைக்க என் கடையில் லிட்டர் கணக்கில் இருக்கிறது என்ற தைரியத்தில் ஊற்றினேன். அடியிலிருந்த அக்ரிலிக் வண்ணம் இளகி, வேகனின் எண்கள் தூரிகையோடு வந்துவிட்டன. மூன்றாவது என்.சி. தின்னர். இரும்புக்கடையில் “பெயின்ட் கலக்க வேண்டும், தின்னர் கொடுங்கள் அண்ணாச்சி” என்றேன். அவர் எதற்கென்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரும்புக் கதவுக்கான சரக்கு அது. பாலிஸ்டைரீன் கூரை அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. அண்ணாச்சி மேல் குற்றமில்லை.

2 ஜூலை

உப்பு வேகன் என்பதால் ஒரு பழைய கதை.

போன வருடம் நானும் ஓர் உப்பு வேகன் செய்தேன். அசல் உப்பையே பூசினால் என்ன என்று தோன்றியது. தூத்துக்குடியிலிருந்து வந்த கல்லுப்பை அம்மியில் மைபோல அரைத்து, கதவடியில் தூவி, ஸ்பிரே அடித்து நிறுத்தினேன். ஆறு மாதம் அற்புதமாக இருந்தது, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன். ஐப்பசி பிறந்தது. காற்றில் ஈரம் ஏறியதும் உப்பு தண்ணீர் விட்டு ஒழுகி, எஃகு அச்சுகளில் துரு பிடித்துச் சக்கரம் சுழலவில்லை. துருவைப் பூசுவதற்குப் பதினைந்து வருடம் பழகியவனுக்கு உப்பு இலவசமாகப் பூசிக் காட்டியது.

உப்பின் எண் 1.54. அதாவது ஒழுகாமல் இருந்திருந்தாலும், நனைய நனைய வார்னிஷ் அடித்திருந்தால் மறைந்தே போயிருக்கும். எனக்கு முதலில் மறையவில்லை என்றால் ஸ்பிரே தூறலாக விழுந்து மேலே மட்டும் படிந்திருக்கிறது, உள்ளே காற்று மிஞ்சியிருக்கிறது. ஆக, 11 ஜூன் இரவு சொன்ன ‘ஒரு முழம் தள்ளி’ சரிதான், சொன்ன காரணம்தான் தவறு.

9 ஜூலை

இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பொடி ஒட்டுவது மேலே அடிக்கிற வார்னிஷால் அல்ல, அடியிலிருக்கிற தரையால்.

அம்பாசமுத்திரத்து வாசகரிடம் ஒன்று கேட்டேன்: செங்காவி எது? இரும்புக் கதவுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடா, அதன்மேல் எனாமலா? எனாமல் என்றார். மினுமினுக்கும் எனாமல் மேல் பொடி பூசுவது வாழையிலையில் திருநீறு கொட்டுவதுபோல, ஊதினால் போய்விடும். பொடிக்குப் பிடிமானம் வேண்டும், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம். அதற்குத்தான் மேட் வார்னிஷ். அதை முதலில், பொடிக்கு அடியில், அடிக்க வேண்டும். மேட் வார்னிஷ் மங்கலாக இருப்பதே அதிலுள்ள நுண்ணிய சிலிக்காத் துகள்களால்தான். அந்தச் சொரசொரப்பு பொடியைக் கவ்வும். நன்றாகக் காயவிட்டு, முடி கட்டையாக வெட்டிய தூரிகையால் பொடியைத் தேய்த்து ஏற்றுங்கள். தடவக் கூடாது, குத்தித் தேய்க்க வேண்டும். பிறகு தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுவது விழட்டும். மிஞ்சியதில் பெரும்பகுதி வார்னிஷ் இல்லாமலே இருக்கும்.

தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். நுண்பொடி நுரையீரலுக்கு நல்லதில்லை.

வெள்ளைக்கு இன்னொரு வழி. பாஸ்டலை விட்டுவிட்டு, டைட்டேனியம் வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து ஒரு பூச்சு. அது காய்ந்ததும் அதன்மேல் பாஸ்டல். பாஸ்டல் மறைந்தாலும் அடியில் வெள்ளை நிற்கும். ஏமாற்று வேலைதான்.

23 ஜூலை

செம்மணல் மேடான குதிரைமொழித் தேரிக்குப் போய் வந்தேன். திருச்செந்தூருக்குப் போகிற வழியில் மச்சினன் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, ஒரு தூக்குவாளி நிறைய மண். அத்தை கோயிலுக்குப் போகிற நேரத்தில் மண் அள்ளுகிறவனை என்னவென்று நினைத்தாரோ, ஒன்றும் கேட்கவில்லை.

அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு. மணல் துகளின் மேல் தோலாகப் படிந்திருப்பது. வார்னிஷில் மறையாத நிறம், அதுவும் நம் ஊர் நிறம். ஆனால் அப்படியே தூவ முடியாது. கால் மில்லிமீட்டர் மணலை 87-ஆல் பெருக்கினால் 22 மில்லிமீட்டர் வருகிறது, வீடு கட்டுகிற முக்கால் ஜல்லி. வேகன் கூரையில் யாரும் ஜல்லி கொட்டி வைப்பதில்லை.

குயவர் மண் தெளிய வைப்பதுபோல் செய்தேன். வாளியில் தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து எண்ணும்வரை பொறுத்து, கலங்கல் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் சாய்த்தேன். மணல் அடியில் தங்கிவிட்டது. கலங்கலை இரண்டு நாள் அசையாமல் வைத்து, மேல் தண்ணீரை வடித்து, வண்டலைத் தட்டில் காயவைத்தேன். ஒரு வாளி மண்ணில் இரண்டு கரண்டிப் பொடி. முகப்பவுடர் மாதிரி மென்மை. தங்கிய மணலில் காந்தம் ஓட்டினால் கருமணல் கொஞ்சம் ஒட்டும், அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலை போய்விட்டது.

கோவில்பட்டிக் கரிசலும் இப்படித் தெளிய வைத்துப் பார்த்தேன். அது காய்ந்ததும் வெடித்து ஓடு ஓடாகப் பெயர்ந்தது. கரிசல் நிலத்தில் கோடையில் கால் வைத்தவனுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்கக் கூடாது.

6 ஆகஸ்ட்

ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, மொட்டைமாடியில் வைத்து ஸ்பிரே அடித்த வேகன் பறந்தது. கீழ்வீட்டு முருங்கையில் சிக்கி, வேகன் முனையில் முட்டுத் தாங்குகிற பஃபர் ஒன்றைக் காணவில்லை. வார்னிஷ் காய்வதற்குள் தெருப்புழுதி வேறு ஒட்டிக்கொண்டது. நான் பூசியதைவிட அது நன்றாக இருந்தது என்று மகன் சொல்கிறான்.

12 நவம்பர்

மழைக்காலத்தில் ஸ்பிரே அடித்து வெள்ளைப் பனி படிந்ததாக இரண்டு பேர். புழுதி மறைகிறது என்று ஆரம்பித்த பேச்சு, கேட்காத வெள்ளை வருகிறது என்பதில் வந்து நிற்கிறது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிந்து சிக்கிக்கொள்கிறது. வெயில் வந்த நாளில், அதே வார்னிஷை மெல்லிதாக இன்னொரு தடவை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால் குப்பியைக் குலுக்காமல் அடித்திருக்கிறீர்கள். அடியில் தங்கிய சிலிக்கா மொத்தமாக வந்திருக்கிறது. அதற்கு மருந்து இல்லை. உப்பு வேகன் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

31 டிசம்பர்

இரண்டு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். 17, 18 தேதிகளில் பெய்தது மழை என்று சொல்கிற அளவிலா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோனது. அதற்கு அப்பால் அடியில் மண்ணும் ஜல்லியும் இல்லாமல் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தைப் பார்த்தபோது, ஜல்லியைப் பசை விட்டு ஒவ்வொன்றாக ஒட்டுகிறவனுக்கு வயிற்றைப் பிசைந்தது.

எங்கள் வீடு வண்ணார்பேட்டையில், ஆற்றுக்குப் பக்கம். இடுப்பளவு தண்ணீர் வந்தது. ஆட்கள் பத்திரம், மற்றதெல்லாம் பிறகு என்று மாடிக்குப் போய்விட்டோம். வேகன்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. ஒன்றரை நாள் தாமிரபரணித் தண்ணீரில்.

நேற்றுத்தான் பெட்டியைத் திறந்தேன். வருத்தப்படுவதா, குறிப்பெடுப்பதா என்று தெரியவில்லை. குறிப்பெடுத்தேன்.

டர்பன்டைன் மட்டும் விட்ட வேகன்: பக்கவாட்டில் ஒன்றுமில்லை, கதவு மூலையில் ஒரு கோடு. தலைமுடி ஸ்பிரே அடித்தது (அவசரத்துக்கு மனைவியுடையதை எடுத்து அடித்த பாவம் ஒன்று உண்டு): கரைந்து கொழகொழவென்று, பொடி மொத்தமாகப் பாளம்போல் நழுவியிருந்தது, அது தண்ணீரில் கழுவிப் போவதற்கென்றே செய்யப்பட்ட பொருள்தானே. அடியில் மேட், குத்தித் தேய்த்த பொடி, மேலே தூறல் வார்னிஷ் என்று மூன்றும் செய்த தேரி மண் வேகன்: கூரையில் ஒரு மூலை தவிர அப்படியே. டைட்டேனியம் வெள்ளை பூசியதில் ஒரு கீறல்கூட இல்லை.

நான்கிலும் பொதுவாக ஒன்று. பக்கவாட்டில் பாதி உயரத்துக்கு ஆற்று வண்டல், நேர்கோடாக. மேலே வெளுத்து, கீழே போகப்போகப் பழுப்பு. வீட்டுச் சுவரிலும் அதே கோடு இருக்கிறது. சுவரைக் கழுவி வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்று.

7 ஜனவரி 2024

அம்பாசமுத்திரத்து வாசகர் விசாரித்திருக்கிறார், நன்றி. அவருடைய வேகன் மேட் தரை போட்டுத் தேய்த்த பிறகு விரலில் வருவதில்லையாம். வெள்ளை இன்னும் கொஞ்சம் மங்குகிறது என்கிறார். மங்கும். அடிப்பதற்கு முன் ஒரு படி கூடுதல் வெளுப்பாகப் பூசுங்கள். எவ்வளவு கூடுதல் என்பதை டர்பன்டைன் சொட்டு சொல்லும்.

வண்டல் கோடு போட்ட தேரி வேகனைக் கழுவவில்லை. வார்னிஷும் அடிக்கவில்லை. அந்த வெளிர்பழுப்பு முழுக்கக் களிமண். அடித்தால் என்ன ஆகும் என்று ஆறு மாதமாக நான்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊதினால் போகும். சக்கரத்தைப் பிடித்துத்தான் தூக்குகிறேன். கடையில் உடைந்த ஷோகேஸின் கண்ணாடி ஒன்று மீந்து கிடக்கிறது, அதை அறுத்து ஒரு பெட்டி செய்ய வேண்டும். பஃபர் இன்னும் கிடைக்கவில்லை.